தொலைமருத்துவமும் நேரடி மருத்துவ வசதியும்

தொலைமருத்துவம் என்பது மருத்துவரும் நோயாளியும் வெவ்வேறு இடங்களில் இருக்க, தொலைபேசி, வானொலி, செயற்கைக்கோள், இணையம் போன்ற தொடர்பு வசதிகளின் வழியாக நோயறிதல், ஆலோசனை, சிகிச்சை, தொடர் கவனிப்பு ஆகியவற்றை வழங்கும் முறை ஆகும். நோயாளி மருத்துவரின் முன் அமர்ந்து, மருத்துவர் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் செய்யும் மருத்துவம் நேரடி மருத்துவம் எனப்படும். தொலைமருத்துவம் பரவும்போது நேரடி மருத்துவம் மக்களுக்கு எளிதில் கிடைக்கிறதா, அல்லது கிடைப்பது கடினமாகிறதா என்பது பொதுநலவியலில் ஆராயப்படும் கேள்விகளுள் ஒன்று.

இக்கேள்விக்கு எல்லா இடங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஊசி போடுதல், எலும்பு முறிவைக் கட்டுதல், அறுவை மருத்துவம், மகப்பேறு போன்றவை நேரில்தான் நடைபெற வேண்டும். எனவே தொலைமருத்துவத்தின் பயன் பெரும்பாலும் அதன் இரு முனைகளிலும் என்ன உள்ளது என்பதைப் பொறுத்தே அமைகிறது. நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவரும், மறுமுனையில் நோயாளியை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையும் இருக்கும் இடங்களில் அது நேரடி மருத்துவத்துக்கு வழி திறந்துள்ளது. அவை இல்லாத இடங்களில் அறிவுரை மட்டும் கிடைத்து, சிகிச்சை எட்டாமல் போகும் நிலை ஏற்படுகிறது.

வகைகள்

தொலைமருத்துவம் பொதுவாக நான்கு வகைகளாகப் பிரிக்கப்படுகிறது.

- நிகழ்நேர முறை: மருத்துவரும் நோயாளியும் ஒரே நேரத்தில் தொலைபேசியிலோ நிகழ்படத்திலோ உரையாடுவது.
- சேமித்து அனுப்பும் முறை: காது, கண், தோல் முதலியவற்றின் ஒளிப்படங்களையும் சோதனை முடிவுகளையும் அனுப்பிவைக்க, மருத்துவர் பின்னர் பார்த்து விடை அளிப்பது.
- தொலைக் கண்காணிப்பு: இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, இதயத் துடிப்பு போன்றவற்றைக் கருவிகள் மூலம் தொலைவிலிருந்து கவனிப்பது.
- மருத்துவருக்கு மருத்துவர் ஆலோசனை: ஊரில் உள்ள பொது மருத்துவர் நோயாளியைத் தாமே பார்த்துக்கொண்டு, நகரில் உள்ள சிறப்பு மருத்துவரிடம் ஆலோசனை பெறுவது.

நேரடி மருத்துவத்தின் மீது இவ்வகைகளின் விளைவு ஒன்றுபோல் இருப்பதில்லை. நோயாளி வீட்டிலிருந்தே அழைக்கும் முறையும், ஒரு சுகாதார நிலையத்துக்குச் சென்று செவிலியரின் துணையோடு சிறப்பு மருத்துவரிடம் பேசும் முறையும் வேறுபட்ட விளைவுகளைத் தருகின்றன.

வரலாறு

1905 ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதய மின்னலைகளை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த தம் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பெற்றுப் பதிவு செய்தார். இது தொலைமருத்துவத்தின் தொடக்க கால முயற்சிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதிகளில் பண்ணைகள் ஒன்றிலிருந்து ஒன்று மிகத் தொலைவில் அமைந்திருந்தன. அங்கு வாழ்ந்தோருக்காகக் கிறித்தவப் போதகர் ஜான் பிளின் என்பவரின் முயற்சியால் 1928 ஆம் ஆண்டு மே மாதம் குயின்ஸ்லாந்தின் குலோன்கரி என்னும் ஊரில் வானூர்தி மருத்துவச் சேவை தொடங்கப்பட்டது. இதுவே பின்னர் அரச பறக்கும் மருத்துவர் சேவை எனப் பெயர் பெற்றது. மருத்துவரை அழைக்கவே வழியில்லாத பண்ணைகளுக்காக ஆல்பிரட் டிரேகர் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை உருவாக்கினார். அது 1929 ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டுக்கு வந்தது. 1942 ஆம் ஆண்டு முதல் பண்ணைகளுக்கு மருந்துப் பெட்டிகள் வழங்கப்பட்டன. பெட்டியில் இருந்த ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண் இடப்பட்டிருந்தது. மருத்துவர் வானொலியில் எண்ணைச் சொல்ல, பண்ணையில் இருப்பவர் அம்மருந்தை எடுத்துக் கொடுப்பார். அது போதாது என்று மருத்துவர் கருதினால் வானூர்தி புறப்படும். தொலைவிலிருந்து ஆலோசனை, கையெட்டும் தொலைவில் மருந்து, தேவைப்பட்டால் நேரில் மருத்துவர் என்னும் மூன்றும் ஒரே அமைப்பில் இணைந்திருந்தமை இச்சேவையின் சிறப்பு ஆகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1964 ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா உளமருத்துவ நிறுவனமும் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் இருந்த நார்போக் மாநில மருத்துவமனையும் இருவழித் தொலைக்காட்சியால் இணைக்கப்பட்டன. 1968 ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரின் லோகன் வானூர்தி நிலையத்தில் செவிலியர் நடத்திய மருத்துவ அறை, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மருத்துவர்களுடன் தொலைக்காட்சி வழியாக இணைக்கப்பட்டது.

இந்தியாவில் 2000 ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ நிறுவனம் தொலைமருத்துவ மையம் ஒன்றைத் தொடங்கியது. 2001 ஆம் ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழித் தொலைமருத்துவத்துக்கான முன்னோடித் திட்டத்தைத் தொடங்கி, அரகொண்டாவைச் சென்னையுடன் இணைத்தது. 2003 ஆம் ஆண்டில் சென்னையின் சங்கர நேத்ராலயா, செயற்கைக்கோள் இணைப்புள்ள பேருந்தின் மூலம் கிராமங்களில் கண் பரிசோதனை செய்யும் திட்டத்தைத் தொடங்கியது.

காத்திருப்பு நேரத்தில் விளைவு

நேரடி மருத்துவம் கிடைப்பதற்குத் தொலைவு மட்டுமன்றிக் காத்திருப்பும் தடையாக உள்ளது. சிறப்பு மருத்துவர்கள் குறைவாக உள்ள பகுதிகளில், நேரில் பார்க்க வேண்டியவர்களும் அவ்வளவு தேவை இல்லாதவர்களும் ஒரே வரிசையில் காத்திருக்கின்றனர். படங்களைப் பார்த்து இவர்களைப் பிரித்தறிய முடிந்தால் வரிசை குறைகிறது.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு அலாஸ்கா ஆகும். அம்மாநிலத்தின் பல பழங்குடிக் கிராமங்களுக்குச் சாலை வசதி இல்லை. சிறிய வானூர்தி, படகு, பனிவண்டி ஆகியவற்றின் மூலமே செல்ல முடியும். கிராமங்களில் அவ்வூரைச் சேர்ந்த சமூக சுகாதார உதவியாளர்கள் பயிற்சி பெற்றுப் பணியாற்றுகின்றனர். காதின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கருவி பொருத்திய தள்ளுவண்டிகள் இவர்களுக்கு வழங்கப்பட்டன. இவர்கள் எடுத்து அனுப்பும் படங்களைத் தொலைவில் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பார்த்து விடை அனுப்புவர்.

நோம் நகரைச் சூழ்ந்த பகுதியில் இம்முறை 2001 ஆம் ஆண்டளவில் அறிமுகமானது. அதற்கு முன்னர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பப்பட்ட புதிய நோயாளிகளுள் 47 விழுக்காட்டினர் நேரில் பார்ப்பதற்கு ஐந்து மாதங்களோ அதற்கு மேலோ காத்திருந்தனர். அடுத்த மூன்று ஆண்டுகளில் இது 8 விழுக்காடாகவும், அதற்கடுத்த மூன்று ஆண்டுகளில் 3 விழுக்காட்டுக்கும் கீழாகவும் குறைந்தது. சராசரிக் காத்திருப்பு 4.2 மாதங்களிலிருந்து முதலில் 2.9 மாதங்களாகவும் பின்னர் 2.1 மாதங்களாகவும் குறைந்தது. இம்முடிவுகள் 2010 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. இங்குக் குறைந்தது நேரடிச் சந்திப்புக்கான காத்திருப்பு என்பது குறிப்பிடத்தக்கது.

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் பொது மருத்துவ நிலையங்களிலும் இதையொத்த மாற்றம் காணப்பட்டது. நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையை அடிப்படை சுகாதார நிலையத்திலேயே படம் பிடித்து அனுப்பும் முறை வந்தபின், பரிசோதனைக்கான காத்திருப்பு 158 நாட்களிலிருந்து 17 நாட்களாகக் குறைந்ததாக 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. 14,000க்கும் மேற்பட்டோர் சிறப்பு மருத்துவரிடம் செல்ல வேண்டிய தேவை நீங்கியது. அதனால் விடுபட்ட நேரம், பார்வை இழக்கும் நிலையில் உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளிக்கப் பயன்படக்கூடியது.

இடைநிலை மையங்கள்

தமிழ்நாட்டில் கண் மருத்துவத் துறையில் இடைநிலை மையங்கள் வெற்றிகரமாகச் செயல்படுகின்றன. 1976 ஆம் ஆண்டில் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்களைத் தொடர்ந்து நடத்தி வந்தது. ஆயினும் கண் குறைபாடு உள்ளவர்களுள் 6.8 விழுக்காட்டினரே முகாம்களுக்கு வந்தனர் என்று 1999 ஆம் ஆண்டில் வெளியான கள ஆய்வு காட்டியது. முகாம் இலவசமாக இருந்தாலும் அச்சம், குடும்பப் பொறுப்புகள், செலவு முதலியன மக்களைத் தடுத்தன. முகாம் ஒரு நாள் மட்டும் வந்து செல்வது. நோயோ எந்த நாளிலும் வரக்கூடியது.

இதன் தொடர்ச்சியாக 2004 ஆம் ஆண்டு முதல் நிலையான பார்வை மையங்கள் நிறுவப்பட்டன. ஒவ்வொரு மையமும் ஏறத்தாழ 50,000 மக்கள் வாழும் பகுதிக்கு உரியது. மையத்தில் மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற கண் தொழில்நுட்பப் பணியாளர்கள் பார்வைத் திறனையும் கண்ணழுத்தத்தையும் அளந்து, பிளவு விளக்கு நுண்ணோக்கியால் கண்ணைச் சோதித்து, படங்களைத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். மருத்துவர் நிகழ்படம் வழியாக நோயாளியிடம் பேசுகிறார். கண்ணாடி தேவைப்படுவோர் மையத்திலேயே பெறலாம். கண்புரை போன்றவற்றுக்கு அறுவை மருத்துவம் தேவைப்படுவோர் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர்.

தொடக்கத்தில் கிராமப்புறங்களில் இணைய வேகம் போதவில்லை. தேனி பகுதியில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், கோபுரங்களில் திசை அலைவாங்கிகளைப் பொருத்தி, குறைந்த செலவில் தொலைதூரம் செல்லும் கம்பியில்லா இணைப்பை உருவாக்கித் தந்தனர். 2020களில் இம்மையங்களின் எண்ணிக்கை நூறைக் கடந்தது.

இம்முறையில் நோயாளி முதலில் ஒரு மனிதரைத்தான் நேரில் சந்திக்கிறார். கருவியைக் கண்ணருகே வைப்பதும், அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்று விளக்குவதும் அப்பணியாளரே. அலாஸ்காவின் சுகாதார உதவியாளரும், லோகன் வானூர்தி நிலையத்தின் செவிலியரும் இதே இடத்தில் இருந்தனர்.

ஊர் மருத்துவரை வலுப்படுத்துதல்

நோயாளியைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவதற்கு மாற்றாக, சிறப்பு மருத்துவரின் அறிவை ஊர் மருத்துவரிடம் கொண்டுசெல்லும் முறையும் உள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் அழற்சி-சி நோய்க்குச் சிகிச்சை பெற அல்புகர்க்கி நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் எட்டு மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. பலர் நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியும் இருந்தது. மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003 ஆம் ஆண்டில் எக்கோ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். ஊரகப் பகுதிகளிலும் சிறைகளிலும் பணியாற்றிய மருத்துவர்கள் நிகழ்படக் கூட்டத்தில் தம் நோயாளிகளைப் பற்றி எடுத்துரைக்க, சிறப்பு மருத்துவர்கள் அவர்களுக்கு வழிகாட்டினர்.

2011 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றோருள் 57.5 விழுக்காட்டினரிடமும், எக்கோ நிலையங்களில் சிகிச்சை பெற்றோருள் 58.2 விழுக்காட்டினரிடமும் நச்சுயிரி நீங்கியிருந்தது. அதாவது, தொலைத்தொடர்பு மருத்துவர்களுக்கு இடையே மட்டும் அமைய, நோயாளி தம் ஊரிலேயே நேரடி மருத்துவம் பெற்றார்.

நேரடி மருத்துவம் குறைதல்

தொலைமருத்துவம் நேரடிச் சந்திப்புக்குப் பதிலாக வைக்கப்படும்போது எதிர்விளைவும் ஏற்படலாம். ஐக்கிய இராச்சியத்தில் கோவிட்-19 பெருந்தொற்றுக்கு முன்னர் பொது மருத்துவர் சந்திப்புகளுள் ஏறத்தாழ 80 விழுக்காடு நேரில் நடைபெற்றன. 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் இது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அவ்வாண்டு சூலை இறுதியில் அப்போதைய நலவாழ்வுத் துறை அமைச்சர் மாட் ஹான்காக், தக்க மருத்துவக் காரணம் இருந்தாலொழிய எல்லா ஆலோசனைகளும் தொலைவழியிலேயே அமைய வேண்டும் என்றார்.

நேரில் பார்க்க முடியவில்லை என்ற முறையீடுகள் பெருகியதை அடுத்து, 2021 ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை, நோயாளிகள் விரும்பினால் நேரில் பார்க்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அடுத்து வந்த ஆண்டுகளில் நேரடிச் சந்திப்புகள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்காக உயர்ந்தன. ஆனால் பெருந்தொற்றுக்கு முந்தைய நிலையை அவை எட்டவில்லை. மருத்துவர் பற்றாக்குறையும் இக்காலத்தில் நிலவியதால், இம்மாற்றம் முழுவதையும் தொலைமருத்துவத்தின் விளைவாகக் கொள்ள இயலாது.

தொலைவழி ஆலோசனைகளில் நிகழ்ந்த 95 பாதுகாப்புக் குறைபாடுகளை ஆராய்ந்த ஆய்வு 2023 ஆம் ஆண்டில் வெளியானது. இத்தகைய நிகழ்வுகள் அரிதானவை என்றும், எனினும் நேரில் பார்த்திருந்தால் கண்டறிந்திருக்கக்கூடிய சில நோய்கள் தவறவிடப்பட்டன என்றும் அது குறிப்பிட்டது.

தேவை பெருகுதல்

எளிதாகக் கிடைக்கும் சேவை, முன்னர் மருத்துவரை நாடாதவர்களையும் ஈர்க்கிறது. கலிபோர்னியாவில் 2011 முதல் 2013 வரை மூச்சுத்தொற்று நோய்களுக்காக வீட்டிலிருந்து பெறப்பட்ட தொலைவழி ஆலோசனைகளை 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று ஆராய்ந்தது. அவற்றுள் 12 விழுக்காடு மட்டுமே நேரடிச் சந்திப்புக்கு மாற்றாக அமைந்தன. எஞ்சிய 88 விழுக்காடு புதிதாக ஏற்பட்டவை. இதனை இருவிதமாகப் பொருள் கொள்வர். தானே நீங்கும் சளிக்கும் மருத்துவர் நேரம் செலவாகிறது என்பது ஒரு கருத்து. முன்னர் வழியில்லாமல் இருந்தோர் இப்போது மருத்துவரை எட்டுகின்றனர் என்பது மற்றொரு கருத்து.

இந்தியாவில் சட்டமும் நடைமுறையும்

இந்தியாவில் 2020 ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டன. அவற்றின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

- தொலைவழி ஆலோசனை போதுமா, நேரில் பார்க்க வேண்டுமா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவருடையது.
- மருத்துவரோ நோயாளியோ எந்த நிலையிலும் தொலைவழி ஆலோசனையை நிறுத்தி நேரடிச் சந்திப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.
- முதல் ஆலோசனையில் எழுதக்கூடிய மருந்துகளும், தொடர் ஆலோசனையில் மட்டும் எழுதக்கூடிய மருந்துகளும் தனித்தனிப் பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன.
- போதை தரும் மருந்துகளையும் உளத்தூண்டல் மருந்துகளையும் தொலைவழியில் எழுதுதல் கூடாது.
- அவசர நிலையில் முதலுதவி அறிவுரை அளித்து, விரைவில் நேரடி மருத்துவத்துக்கு அனுப்ப வேண்டும்.

நடுவண் அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019 ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கியது. இதில் இரு முறைகள் உள்ளன. ஒன்றில், நோயாளி தம் பகுதியின் சுகாதார நிலையத்துக்குச் சென்று அங்குள்ள பணியாளரின் உதவியுடன் மருத்துவரிடம் பேசுவார். மற்றொன்றில் வீட்டிலிருந்தே பேசுவார். இது 2020 ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. 2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இச்சேவையின் மொத்த ஆலோசனைகள் 10 கோடியை எட்டின. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை சுகாதார நிலையம் வழியாக நடைபெற்றவை.

எனினும், மறுமுனையில் உள்ள குறை நீங்கவில்லை. அரசின் 2021-22 ஆம் ஆண்டுக்கான ஊரக சுகாதாரப் புள்ளிவிவரங்களின்படி, ஊரகச் சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இல்லை. நேரில் சென்று அறுவை மருத்துவரைப் பாருங்கள் என்று திரையில் உள்ள மருத்துவர் கூறும்போது, அருகில் உள்ள நிலையத்தில் அவ்வாறு பார்ப்பதற்கு ஒருவர் இல்லாத நிலையே பல இடங்களில் உள்ளது.

குறைகளும் விமர்சனங்களும்

- தொடுகை இன்மை: வயிற்றை அழுத்திப் பார்த்தல், இதய ஒலி கேட்டல் போன்ற சோதனைகளை உரிய கருவியும் பயிற்சி பெற்ற பணியாளரும் இல்லாமல் தொலைவிலிருந்து செய்ய இயலாது.
- எண்ணிமப் பிளவு: கைபேசி, இணையம், மின்சாரம் ஆகியவை சீராக இல்லாதோரும், முதியோரும், எழுதப் படிக்கத் தெரியாதோரும் வீட்டுவழிச் சேவையில் பின்தங்குகின்றனர். நேரடி மருத்துவம் அதிகம் தேவைப்படுவோரும் பெரும்பாலும் இவர்களே.
- தனியுரிமை: வீட்டில் ஒரே கைபேசி இருக்கும்போது, பெண்கள் தம் உடல்நலம் பற்றித் தனியாகப் பேச முடியாமல் போகலாம்.
- மாற்றாகக் காட்டும் போக்கு: ஊரகங்களில் மருத்துவரை நியமிப்பதற்குப் பதிலாகத் திரையை வைப்பது, நகர மக்களுக்கு ஒரு மருத்துவம், ஊரக மக்களுக்கு வேறொரு மருத்துவம் என்னும் நிலையை உண்டாக்கும் என்று விமர்சகர்கள் கூறுகின்றனர்.

இவ்விமர்சனங்களுக்கு மறுமொழியாக, மருத்துவரே இல்லாத இடத்தில் தொலைமருத்துவத்தை மருத்துவர் உள்ள நிலையோடு ஒப்பிடுவது சரியன்று என்றும், எவரும் இல்லாத நிலையோடே ஒப்பிட வேண்டும் என்றும் ஆதரவாளர்கள் கூறுகின்றனர்.

மதிப்பிடும் முறை

தொலைமருத்துவத் திட்டங்கள் பெரும்பாலும் நடைபெற்ற ஆலோசனைகளின் எண்ணிக்கையாலேயே மதிப்பிடப்படுகின்றன. நேரடி மருத்துவத்தின் மீது அவற்றின் விளைவை அறிய அது போதுமானதன்று. நேரில் பார்ப்பதற்கான காத்திருப்பு குறைந்ததா, மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களுள் எத்தனை பேர் உண்மையில் சென்று சேர்ந்தனர், சென்றவர்களுக்குச் சிகிச்சை கிடைத்ததா ஆகியவற்றையும் அளக்க வேண்டும். அலாஸ்காவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் காத்திருப்பை அளந்ததனாலேயே அங்கு ஏற்பட்ட பயன் உறுதியாகத் தெரியவந்தது.

இவற்றையும் பார்க்க

- பொதுநலவியல்
- ஆரம்ப சுகாதார நிலையம்
- அரவிந்த் கண் மருத்துவமனை
- அரச பறக்கும் மருத்துவர் சேவை
- எண்ணிமப் பிளவு